மச்சானுக்கு நான் போட்ட திகதி

இக்காஸ்ட், டென்மார்க்
12 யூலை 2009, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மச்சான் ஞானசீலன் அவர்களுக்கு,

கர்த்தருடைய கிருபையினால் நானும் உமது அக்கா கிருபாமலரும் இவ்விடம் சுகமே இருக்கிறோம். அவ்விடம் உமது சுகத்தை அறிய ஆவல் என்று இருபத்தைந்து வருடமாக உமக்கு எழுதி வருகிறேன். கை தன்பாட்டில் எழுதும் வசனம் அது. இம்முறை அதை எழுதியபின் பேனையை வைத்துவிட்டு எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். உண்மையாகவே ஆவல், மச்சான்.

இக்கடிதத்தை வவுனியாவில் உள்ள போதகர் ஒருவர் அகதி முகாமுக்குக் கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். உமது கைக்கு வருமுன் வேறு யாரும் உடைத்து வாசிக்கக்கூடும் என்றும் சொன்னார். ஆகவே வாசிக்கும் ஐயா அவர்களுக்கும் எனது வணக்கம். இதில் குடும்ப விஷயம் தவிர ஒன்றும் இல்லை. யுத்தம் முடிந்துவிட்டதென்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். அதைப்பற்றி நான் ஒரு சொல்லும் எழுதப்போவதில்லை, ஐயா நிம்மதியாகத் தேநீர் குடித்துக்கொண்டே வாசிக்கலாம்.

மச்சான், முதலில் உம்மிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். கடந்த யூன் மாதம் இரண்டாம் திகதி பின்னேரம் மூன்று மணியளவில் நான் உம்மைச் சாகடித்துவிட்டேன். கடதாசியில்தான். ஆனாலும் நீல மையினால், பெரிய எழுத்தில், என் கையொப்பத்தோடு. அது எப்படி நடந்ததென்று ஆதியோடந்தமாகச் சொல்லாவிட்டால் நீர் என்னைத் தவறாக நினைப்பீர். சொன்னாலும் நினைக்கத்தான் போகிறீர், பரவாயில்லை.

எல்லாம் உமது மருமகள், எங்கள் மகள் ஜெனிதாவிலிருந்து தொடங்கியது. ஓர்ஹூஸில் படிக்கப்போன பிள்ளை இரண்டாம் வருடத்தில் ஒருநாள் வந்து, தான் மோர்மன் சபையில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள். நாங்கள் என்ன மதம் இல்லாத ஆட்களா? உமது பூட்டனார் காலத்திலேயே அமெரிக்காவிலிருந்து மிஷனரிமார் கப்பலேறி வட்டுக்கோட்டைக்கு வந்து எங்களைக் கிறிஸ்தவர்களாக்கிவிட்டுப் போனார்கள். ஒருமுறை ஆக்கியவர்களை இன்னொருமுறை ஆக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். "அப்பா, நீங்களும் சி.எஸ்.ஐ. சபையை விட்டிட்டுத்தானே பெந்தெகொஸ்தேக்கு வந்தனீங்கள்? அப்ப அப்பப்பா என்ன சொன்னவர்?" என்று திருப்பிக் கேட்டாள். என் தகப்பனார் என்ன சொன்னார் என்பது உமக்குத் தெரியும், நீர் அப்போது பக்கத்தில்தான் நின்றீர். போதகரைக் கூப்பிட்டு மூன்று மணித்தியாலம் கதைக்கவைத்தேன். அவர் போகும்போது, பிள்ளைக்கு வேதம் தன்னைவிட நன்றாகத் தெரிகிறதென்று சொல்லிவிட்டுப் போனார். மறுமாதமே நான் சபைக் கமிற்றியிலிருந்து விலகினேன், அவர்கள் கேட்குமுன்.

அதோடு முடியவில்லை. இருபத்தொரு வயது முடிந்த கையோடு ஊழியத்துக்கு விண்ணப்பித்தாள். அவர்களுடைய சபையில் பிள்ளைகள் சொந்தச் செலவில், சபை அனுப்பும் ஊருக்குப் போய், பெண்பிள்ளை என்றால் ஒன்றரை வருடம் வீடுவீடாக வேதம் சொல்லவேண்டும். இந்தியாவுக்கு அனுப்புவார்கள், தமிழாவது திருந்தும் என்று உமது அக்கா எதிர்பார்த்தா. லண்டனுக்கு அனுப்பினார்கள். போன வருடம் புரட்டாதியில் போனாள். அவர்கள் சட்டையில் ஒரு கறுப்புப் பெயர்ப்பட்டி குத்தவேண்டும், அதில் சகோதரி என்று போட்டு வீட்டுப் பெயரை எழுதுவார்களாம். எங்களுக்கு ஏது வீட்டுப் பெயர்? தகப்பன் பெயர்தானே! ஆகவே மச்சான், இருபது வருடம் ஹேர்னிங் சபையில் ஜெபம் நடத்திய இன்பநாதனின் பெயர் இப்போது லண்டன் தெருக்களில் வேறொரு சபையின் பட்டியில் மழையில் நனைந்துகொண்டு திரிகிறது. என் ஒன்றுவிட்ட தம்பி அங்கிருந்து தொலைபேசி எடுத்து, "அண்ணை, உங்கடை பெயரைக் குத்திக்கொண்டு ஒரு வடிவான பிள்ளை என்ரை கதவைத் தட்டிச்சுது, நான் வீட்டிலை இல்லை எண்டு சொன்னன்" என்றான். வீட்டில் இருந்துகொண்டே இல்லை என்று சொல்லியிருக்கிறான், என் மகளிடம்! இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வீடு எப்படி நடக்கிறதென்று கேட்பீர். திங்கட்கிழமை நடக்கும், மற்ற ஆறு நாளும் திங்கட்கிழமைக்காகக் காத்திருக்கும். திங்கள் மட்டும்தான் பிள்ளை மின்னஞ்சல் அனுப்பலாம். டேனிஷில் எழுதுவாள், நான் தமிழாக்கி உமது அக்காவுக்கு வாசிப்பேன். தொலைபேசி வருடத்துக்கு இரண்டு தரம்: நத்தாருக்கு ஒன்று, அன்னையர் தினத்துக்கு ஒன்று. தொலைக்காட்சி பார்க்கக்கூடாது, பத்திரிகை வாசிக்கக்கூடாது, தனியே எங்கும் போகக்கூடாது. மாதத்தின் முதற் செவ்வாய் அவர்களுடைய சபையிலிருந்து கத்தரீனா என்றொரு டேனிஷ் அம்மா எங்களுக்கு ஆறுதல் சொல்ல வருவா. எழுபத்திரண்டு வயது, நல்ல மனுஷி. ஆனால் அவர்கள் தேநீரும் குடியார்கள், கோப்பியும் குடியார்கள். யாழ்ப்பாணத்து வீட்டில் அதைவிட்டால் வந்தவருக்கு என்ன கொடுப்பது? முதல்தரம் கிருபாமலர் பதறிப்போய்ச் சுடுதண்ணீருக்குள் சீனி போட்டுக் கொடுத்துவிட்டா. அந்த அம்மா அதையும் குடித்து, நல்லாயிருக்கிறதென்றும் சொன்னா. இப்போது பாலில் கரைத்துக் கொடுக்க நெஸ்டமோல்ட் மா வாங்கி வைத்திருக்கிறோம்.

இனித்தான் உமது விஷயம். தை மாதம் கிளிநொச்சியும் விழுந்து, நீர் வேலைசெய்த கூட்டுறவுச் சங்கக்கடையின் கணக்குப் புத்தகங்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிழக்கே போய்விட்டீர் என்று கேள்விப்பட்டபோது, ஜெனிதாவுக்குச் சொல்வதா விடுவதா என்று எங்களுக்குள் சண்டை. நீர் அவளைக் கண்ணால் கண்டது ஒரேயொருமுறை, சமாதானக் காலத்தில் நாங்கள் வந்தபோது. ஆனால் அந்த மூன்று கிழமையும் உமது சைக்கிள் பாரை விட்டு அவள் இறங்கவில்லையே! "சொன்னால் பிள்ளை எல்லாத்தையும் விட்டிட்டு ஓடிவந்திடும்" என்றா உமது அக்கா. எனக்கு வேண்டியதே அதுதான் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தா. "என்ரை தம்பியின்ரை உயிரைக் காட்டி என்ரை பிள்ளையை நீங்கள் கூப்பிடப்படாது. சொல்லிப்போட்டன்." அதன்பின் நான் என்ன செய்ய? வேதப்புத்தகத்தில் கைவைத்துச் சத்தியம் செய்து கொடுத்தேன்.

அன்றிலிருந்து திங்கள்தோறும் நான் எழுதிய மின்னஞ்சல்களை நீர் பார்க்கவேண்டும். பின்வளவு அப்பிள் மரத்தைப்பற்றி மட்டும் பதினான்கு கடிதம். பனி விழுந்தது, பனி கரைந்தது, வாகனப் பரிசோதனையில் பின் பிரேக் போதாது என்றார்கள், தொழிற்சாலையில் சாயப்பகுதிக்குப் புது இயந்திரம் வந்தது. ஒருபுறம் தொலைக்காட்சியில் பார்க்கமுடியாததைப் பார்த்துக்கொண்டு மறுபுறம் அப்பிள் மரத்துக்கு எறும்பு பிடித்ததை எழுதுவேன். லண்டனில் தமிழ்ச் சனம் நிறைய இருக்கே, யாரும் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, எந்த நாட்டு ஆட்களைச் சந்திக்கிறாய் என்று நைசாகக் கேட்டேன். பெரும்பாலும் போலந்துக்காரரும் பிரேசில்காரரும் என்று பதில் எழுதினாள். அப்பாடா என்று இருந்தது.

பங்குனியில் ஒருநாள் நீர் யாருடையதோ தொலைபேசியிலிருந்து மூன்று நிமிடம் கதைத்தீர். அதுதான் கடைசி. பிறகு மே பத்தாம் திகதி அன்னையர் தினம் வந்தது. நாற்பது நிமிடம் மட்டும் கதைக்கலாம். என்னென்ன கதைக்கலாம், என்னென்ன கதைக்கக்கூடாது என்று நான் ஒரு தாளில் எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டினேன். கூடாது என்ற பக்கத்தில் உமது பெயர் முதலாவது. தொலைபேசி அடித்தது. "அப்பா!" என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிடுவேனோ என்று பயம் பிடித்து, மூச்சு விடாமல் பிரேக்கைப்பற்றிக் கதைக்கத் தொடங்கினேன். முன் பிரேக், பின் பிரேக், கைப் பிரேக். முப்பத்தொரு நிமிடம் கதைத்தேன், மச்சான்! அன்னையர் தினத்தில்! பிள்ளை பொறுமையாக, "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்றாள். கடைசியில் கதைக்கப் பிரேக்கும் தீர்ந்துவிட்டது. தொலைபேசியை உமது அக்காவின் கையில் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். திரும்பி வந்தபோது கதைத்து முடிந்திருந்தது. என்ன சொன்னாள் என்று கேட்டேன். "சுகமாம்" என்றா.

எட்டு நாளில் எல்லாம் முடிந்தது. அதை எழுதமாட்டேன் என்று மேலே சொல்லிவிட்டேன். ஒன்றை மட்டும் எழுதுகிறேன், ஐயா பொறுத்துக்கொள்ளவேண்டும். எங்கள் சபையில் வன்னியில் இறந்தவர்களுக்காக ஜெபக்கூட்டம் வைத்தார்கள், பெயர்களைத் தரச் சொன்னார்கள். உமது அக்கா தரவில்லை. "என்ரை தம்பி இருக்கிறான்" என்று எல்லாருக்கும் முன்னால் எழும்பிநின்று சொல்லிவிட்டு உட்கார்ந்தா. முதியோர் இல்லத்து வேலைக்கு ஒருநாளும் லீவு போடவில்லை. அழவில்லை. நம்பிக்கை என்றால் அதுதான் நம்பிக்கை. ஜெபம் நடத்திய நான் அந்த நம்பிக்கைக்குப் பக்கத்தில் நிற்கவும் தகுதியில்லாதவன், அதைத்தான் சொல்ல வருகிறேன்.

மே கடைசியில் ஜெனிதாவிடமிருந்து தபாலில் ஒரு படிவம் வந்தது. அவர்களுடைய சபையில் இறந்துபோன உறவினருக்காக உயிரோடிருப்பவர்கள் ஞானஸ்நானம் பெறும் வழக்கம் இருக்கிறது. கோபன்ஹேகனில் அதற்கென்று ஆலயமும் இருக்கிறது. அதற்குக் குடும்பத்தில் எல்லாருடைய பெயர், பிறந்த திகதி, பிறந்த ஊர், இறந்த திகதி எல்லாம் வேண்டும். "அப்பா, நீங்கள் இக்காஸ்ட் முழுக்கப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறனீங்கள், எங்கடையையும் நிரப்புங்கோ. மாமாவையும் போடுங்கோ" என்று ஒரு துண்டு வைத்திருந்தாள். பாவம், ஒன்றும் அறியாத பிள்ளை எவ்வளவு வெள்ளந்தியாகக் கேட்டிருக்கிறது என்று நினைத்தேன்.

படிவம் விஷயத்தில் நான் எப்படிப்பட்டவன் என்று உமக்குத் தெரியும். எண்பத்தைந்தில் உமது அக்காவைக் கூப்பிட நான் போட்ட விண்ணப்பத்தில் ஒரே ஒரு கட்டம், தாயின் பிறப்பிடம், வெறுமையாக இருந்ததென்று திருப்பி அனுப்பினார்கள். எட்டு மாதம் பிந்தியது. அன்று எடுத்த முடிவு: என் கை பட்ட படிவத்தில் வெறுங்கட்டம் இருக்கக்கூடாது. கொம்யூன் என்ற நகரசபைப் படிவம், வரிப் படிவம், பாலர் பள்ளிப் படிவம், எதுவென்றாலும் இந்த ஊர்த் தமிழருக்கு நான்தான் நிரப்பிக் கொடுப்பது. ஒன்றும் திரும்பி வந்ததில்லை. ஆகவே உட்கார்ந்தேன். அப்பா, அம்மா, பெரியப்பா, எல்லாருக்கும் திகதி போட்டேன். எனக்கும் உமது அக்காவுக்கும் இறந்த திகதிக் கட்டத்தில் "இன்னும் இல்லை" என்று எழுதினேன். பிறகு உமது வரிசை. பெயர் எழுதினேன். பிறந்த திகதி, ஊர் எழுதினேன். கடைசிக் கட்டம்.

"இன்னும் இல்லை" என்று எழுத என் கைக்குத் துணிவு வரவில்லை. வெறுமையாக விடவும் ஏலவில்லை. ஒரு மணித்தியாலம் இருந்தேன். உமது அக்கா வேலையில். கடைசியில் 17.05.2009 என்று எழுதினேன். ஏன் பதினேழு என்று கேட்டால், பதினெட்டு எல்லாருக்கும் போடும் திகதியாகிவிட்டது, உமக்கென்று தனியாக ஒன்று இருக்கட்டும் என்று நினைத்தேன். எழுதி முடித்ததும் எனக்கு என்னையே பிடிக்கவில்லை. அன்று செவ்வாய், கத்தரீனா வந்து தாளைப் பார்த்துவிட்டு, இது நிச்சயமா என்று அந்தக் கட்டத்தில் விரல் வைத்துக் கேட்டா. நிச்சயம் என்று சொன்னேன். சபையில் கொடுப்பதாகச் சொல்லிப் பையில் வைத்துக்கொண்டு போனா. உமது அக்காவுக்கு இதில் ஒன்றும் தெரியாது.

பத்து நாளுக்கு முன் ஹோர்சன்ஸ் ஊரில் இருக்கும் விக்ரோரியா அக்கா தொலைபேசி எடுத்தா. அவவின் பெறாமகன், சகோதரியின் பிள்ளை, முகாமில் உம்மைத் தண்ணீர் வரிசையில் கண்டிருக்கிறான். கண்டிருக்கிறான், மச்சான்! உமது அக்கா தொலைபேசியைப் பிடித்தபடி கதிரையில் இருந்துவிட்டா. எனக்கு முதலில் சந்தோஷம், இரண்டாவது நிமிடம் அந்தப் படிவம் நினைவுக்கு வந்தது. உயிரோடிருக்கும் மனிதனுக்கு ஞானஸ்நானம் நடந்துவிட்டால்? கத்தரீனா வீட்டுக்கு அடித்தேன், பதில் இல்லை. பக்கத்து வீட்டார் அவ றிங்கோபிங் பக்கம் கடற்கரையில் கோடைவீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். மறுநாள் காலை மீன் வாங்கப் போறன் என்று சொல்லிவிட்டு வாகனத்தை எடுத்தேன். மணல்மேட்டுக்குள் எல்லா வீடும் ஒரே மாதிரி. நான் போய்த் தட்டிய வீட்டில் அரைக்காற்சட்டையோடு ஒருவர் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். பதற்றத்தில் டேனிஷ் குழம்பி, "என்னுடைய மச்சான் சாகவில்லை, கத்தரீனா எங்கே?" என்று கேட்டுவிட்டேன். மனுஷன் எழும்பிவந்து, வாழ்த்துக்கள் என்று என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, நான்கு வீடு தள்ளிக் காட்டினார்.

கத்தரீனா தாளைப் பையிலிருந்து எடுத்தா. அது அந்தப் பையை விட்டு வெளியே போகவே இல்லை. இறந்து ஒரு வருடம் போகாமல் தாங்கள் ஒன்றும் செய்வதில்லை என்றா. "அன்றைக்கே உன் முகத்தைப் பார்த்தேன் இன்பநாதன், ஆனால் எழுதவேண்டிய தேவை உனக்கு இருந்தது" என்றா. பேனையையும் தந்தா. திகதியை வெட்டி, "இன்னும் இல்லை" என்று எழுதினேன். எழுதிவிட்டு அந்த அம்மாவுக்கு முன்னால் குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதேன். அவ ஒரு கோப்பை சுடுதண்ணீருக்குள் சீனி போட்டுக் கொண்டுவந்து தந்தா. யாழ்ப்பாணத்தார் அப்படித்தான் குடிப்பார்கள் என்று நினைத்திருக்கிறா. குடித்தேன். வரும்வழியில் துறைமுகத்தில் நான்கு கிலோ மீன் வாங்கினேன், பொய் சொன்னால் பொருத்தமாய்ச் சொல்லவேண்டுமே. "மீன் வாங்க அஞ்சு மணித்தியாலமோ?" என்றா உமது அக்கா. புதுமீன் என்றேன்.

ஆகவே மச்சான், என்னை மன்னித்துக்கொள்ளும். அக்காவுக்கு எழுதும்போது இந்தத் திகதி விஷயத்தைத் தயவுசெய்து எழுதவேண்டாம், அவவின் மனம் தாங்காது. ஜெனிதாவுக்கும் இன்னும் ஒன்றும் தெரியாது, மாசிக்குப் பிறகு அவள் வந்ததும் எல்லாம் சேர்த்துச் சொல்வோம். வாசித்தவுடன் இதைக் கிழித்துவிடும். வாசித்த ஐயாவும் மறந்துவிடவேண்டும். பிள்ளை போன ஊரிலும் நீர் நிற்கும் முகாமிலும் ஒரே கர்த்தர்தான் காவல் இருக்கிறார் என்று நம்பி முடிக்கிறேன். அவர் உமக்கு வேளைக்குச் சோறும், வரிசையில் முன்னிடமும், வெளியே வரும் நாளும் தருவாராக.

இப்படிக்கு,
உம்மைச் சாகடித்து, வெட்டித் திருத்திய
மச்சான் இன்பநாதன்

பி.கு.: தம்பி சீலன், இது அக்கா. கடிதத்தைத் தபாலிலை போடச் சொல்லி என்னட்டைத்தான் தந்தவர். இந்த மனுசன் எழுதின ஒரு கடிதத்தையும் நான் வாசிக்காமல் ஒட்டினதில்லை, அது இன்னும் அவருக்குத் தெரியாது. நான் நம்பிக்கையை விடேல்லை எண்டு எழுதியிருக்கிறார். நான் பங்குனியிலேயே விட்டிட்டன். அண்டைக்குக் கதைக்கேக்கை நீ எல்லாரையும் பேர் பேராய்ச் சுகம் கேட்டாய், அப்பவே எனக்கு விளங்கிப்போச்சு. சபையிலை எழும்பிநிண்டு சொன்னது, மற்றவை உன்னைச் செத்தவன் எண்டு சொல்லுறதைக் கேக்க ஏலாமல். அன்னையர் தினத்தண்டு இவர் குழாயைத் திறந்துவிட்டிட்டு நிக்க, பிள்ளை, "அம்மா, மாமா?" எண்டு கேட்டாள். அவளுக்கு மாசியிலேயே தெரியுமாம். தட்டின தமிழ் வீடு எல்லாத்திலையும் ரீவியிலை அதுதானே ஓடினது. எங்களுக்கு மனம் நோகும் எண்டு போலந்துக்காரர் எண்டு எழுதினவளாம். நான் சொன்னன், மாமா இல்லையடி எண்டு. என்ரை வாயாலை சொன்னன். வாறன் எண்டு அழுதாள். வராதை, இஞ்சை அழ நாங்கள் இருக்கிறம், நீ அங்கை நிண்டு ஜெபம் பண்ணு எண்டன். அந்தப் படிவத்தை அனுப்பச் சொன்னதும் நான்தான். உனக்கொரு குழிகூட இல்லை, எங்கையாவது ஒரு இடத்திலை உன்ரை பேர் எழுதிக் கிடக்கட்டும் எண்டு நினைச்சன். அவர் திகதிதான் போட்டவர், உன்னைக் குடுத்தது நான். என்னை மன்னிச்சுக்கொள் ராசா.

விக்ரோரியா அக்கா சொன்னதிலை ஒரு சொல்லை இவர் எழுதாமல் விட்டிட்டார். அந்தப் பெடியன் சொன்னது, உன்னை மாதிரி ஒராள் எண்டு. தாடியாம், நல்லாய் மெலிஞ்சுபோச்சாம், பேர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பேல்லையாம். இன்னொருக்கால் உன்னை அழ என்னாலை ஏலாது. நீதான் எண்டால் ஒரு வரி எழுது. வேறை ஆரையும் கொண்டு எழுதுவியாதை. உன்ரை எழுத்து எனக்குத் தெரியும்.